பனிப் பள்ளத்தில் யானைக் கூட்டம்

ஜெர்மனி தேசத்தின் தென்கிழக்குக் கோடியில், செக் நாட்டின் எல்லையை ஒட்டி, பவேரியக் காடு என்று வழங்கும் மலைப் பிரதேசம் ஒன்று இருக்கிறது. மரத் தொழிலும் கண்ணாடித் தொழிலும் அப்பிரதேசத்துக்குப் பேர் வாங்கித் தந்தவை. கோடையில் கால்நடையாகச் சுற்றுவோரும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடுவோரும் வந்து போவதைத் தவிர, அங்கே பெரிய ஆரவாரம் எதுவும் கிடையாது. அந்த மலைகளிடையே துர்மான்ஸ்பாங் என்ற சிற்றூரும், அதைச் சார்ந்த சோல்லா என்ற குக்கிராமமும், அதன் அருகே நாற்புறமும் சரிவுகள் சூழ்ந்த ஒரு பள்ளமும் உள்ளன. 'சூனியக்காரியின் கொப்பரை' என்று அந்தப் பள்ளத்துக்குப் பெயர். ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதலிலோ வரும் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரை, ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட ஆயிரக்கணக்கான பேர், கொட்டும் பனியையும் உறைந்த சாலைகளையும் கடந்து அங்கே வந்து சேர்ந்து, பனியின் மேலேயே கூடாரம் அடித்து, விறகு மூட்டிக் குளிர்காய்ந்து, இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். 'யானைக் கூட்டம்' என்று இதற்குப் பெயர். ஜெர்மானியர் வாயில் எலிஃபான்டன்ட்ரெஃபன்.

மோட்டார் சைக்கிள் விழாக்கள் உலகில் பல உண்டு. அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாகாணத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சிறு நகரில் 1938-ஆம் ஆண்டு ஒரு பந்தயமாகத் தொடங்கிய விழா, இன்று ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் லட்சக்கணக்கான ஜனங்களை இழுக்கிறது. வெயில் காலம், இசை நிகழ்ச்சி, மதுக்கடை, தெருவை அடைத்து நிற்கும் பளபளப்பான வண்டிகள் ஆகிய எல்லாம் அங்கே உண்டு. முதன்முறையாகப் போகிறவர் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டியது பணப்பை ஒன்றுதான். யானைக் கூட்டம் அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று. அங்கே மேடையும் அலங்காரமும் பிரதானமல்ல; போய்ச் சேருவதும், குளிரில் தாக்குப்பிடிப்பதும், உடம்பு முழுசாகத் திரும்பி வருவதுமே நிகழ்ச்சிகள்.

நம் ஊர் வாசகருக்கு இது சற்று விசித்திரமாகத்தான் தோன்றும். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் ஒருச்சாய்த்து அமர, இருவருக்கும் நடுவே ஒரு குழந்தையும் பெட்ரோல் டாங்கின் மேல் இன்னொரு குழந்தையுமாக, கைப்பிடியில் காய்கறிப் பை ஊசலாட, மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் போவது இங்கே அன்றாட வாழ்க்கை. அதில் வீரத்தையோ விளையாட்டையோ யாரும் காண்பதில்லை. கார் வாங்க வசதி வந்த மறுநாளே மழைக்காலத்தில் வண்டியை வீட்டில் நிறுத்திவிடுவதுதான் உலக வழக்கம். அப்படியிருக்க, வெந்நீரும் வெப்பமூட்டும் கருவியும் உள்ள வீட்டையும், வாசலில் நிற்கும் காரையும் விட்டுவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரிக் குளிரில் இருநூறு முந்நூறு மைல் ஓட்டி வந்து பனியில் படுத்துக்கொள்கிற மனிதருக்கு என்னதான் வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண, ஜெர்மானியரும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே இரு சக்கரத்தில் குடும்பம் நடத்தியவர்கள் என்பதை முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்து, இடிந்த நகரங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த மேற்கு ஜெர்மனியில், 1950-களின் முற்பகுதியில் சாலையில் ஓடிய கார்களைவிட மோட்டார் சைக்கிள்களே அதிகம். தொழிலாளியும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் அதில்தான் வேலைக்குப் போனார்கள். குடும்பஸ்தர்கள் வண்டிக்கு வலப்பக்கத்தில் ஒரு சைடு காரைப் பூட்டி, மனைவியையும் குழந்தையையும் அதில் உட்காரவைத்து, கோடையில் ஏரிக்கரைக்கும் குளிர்காலத்தில் பாட்டி வீட்டுக்கும் அழைத்துச் சென்றார்கள். பனி பெய்கிறதே என்று வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஆகவே பனியிலும் ஓட்டினார்கள்; அதைப் பற்றி யாரும் பெருமையடித்துக்கொள்ளவுமில்லை.

இப்படிச் சைடு கார் இழுப்பதற்கென்றே பிறந்தது போன்ற ஒரு வண்டியை நூரம்பர்க் நகரத்து ஸுண்டாப் கம்பெனி அந்நாளில் தயாரித்தது. கே.எஸ். 601 என்று அதன் பெயர். கொள்ளளவு 597 சி.சி., சக்தி 28 குதிரை. இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்சக்கரத்தைச் சுழற்றுவது சங்கிலியன்று, மூடிய குழாய்க்குள் ஓடும் தண்டு; ஆனால் மற்ற வண்டிகளில் பற்சக்கரங்கள் மட்டுமே இருக்கும் கியர் பெட்டிக்குள், ஸுண்டாப் பொறியியலாளர்கள் சங்கிலிகளை வைத்திருந்தார்கள். கனத்த உடம்பு, நிதானமான நடை, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முனகாத சுபாவம், மேலே பச்சை வர்ணப் பூச்சு ஆகிய இவற்றையெல்லாம் கண்ட ஜனங்கள் அதற்குப் 'பச்சை யானை' என்று செல்லப் பெயர் சூட்டினார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அந்த சிலிண்டர்களில் இன்னொரு உபகாரமும் உண்டு: குளிர்காலத்தில் ஓட்டுபவரின் இரு கால்களுக்கும் அவை கணப்புச் சட்டிகளாக உதவின.

பிறகு செல்வம் வந்தது. ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை தன் பத்து லட்சமாவது காரை 1955-இல் வெளியே விட்டது. காருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவாந்தரமான இஸெட்டா, கோகோமொபில் போன்ற குட்டி வாகனங்களும் அதே ஆண்டில் சந்தைக்கு வந்தன. மழைக்கு ஒரு கூரையும் காற்றுக்கு ஒரு கண்ணாடியும் கிடைத்தால் போதுமென்றிருந்த குடும்பங்கள், மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு அவற்றில் ஏறிக்கொண்டன. நாலைந்து வருஷங்களுக்குள் பெயர் பெற்ற மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, அல்லது ஒன்றோடொன்று இணைந்தன, அல்லது வேறு சாமான்களைச் செய்யத் தொடங்கின. பச்சை யானையின் உற்பத்தியும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று. ஸுண்டாப் கம்பெனியே 1984-இல் மூடப்பட்டது. இதற்கு நேர்மாறாக, ஜெர்மானியர் மோட்டார் சைக்கிளைக் கைகழுவிக்கொண்டிருந்த அதே 1955-இல், இங்கே சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி அமைந்து, இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களைக் கொண்டு புல்லட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. ஒரு தேசம் இறக்கிவைத்த சுமையை இன்னொரு தேசம் ஆவலோடு தோளில் ஏற்றிக்கொண்ட காலம் அது.

அந்தச் சந்தியில்தான் ஏர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் 'டாஸ் மோட்டோராட்' என்ற பத்திரிகையில் புதிய வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குணதோஷம் எழுதுபவர்; 'கிளாக்ஸ்' என்ற புனைபெயரில் வாசகர்களிடையே பிரசித்தமானவர்; தாமும் கே.எஸ். 601-இன் பரம அபிமானி. பனிக்காலத்திலும் வண்டியை விடாமல் ஓட்டுகிற பச்சை யானைக்காரர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசினால் என்ன என்று எண்ணி, 1956-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே சொலிட்யூட் என்ற பந்தயப் பாதையை ஒட்டிய இடத்துக்கு அவர்களை அழைத்தார். வந்தவர்கள் சுமார் 20 பேர். மறுவருஷங்களில் வேறு கம்பெனி வண்டிகளை வைத்திருந்தவர்களும் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு வந்தார்கள். மறுப்பதற்கு ஒன்றுமில்லையாதலால் யானை என்ற பெயர் மட்டும் நிலைத்து, கூட்டம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. 1958-இல் தோன்றிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தேசியக் கூட்டமைப்பு இதன் நிர்வாகத்தை ஏற்றது. 1961 முதல் நூர்பர்க்ரிங் என்ற பெரிய பந்தய மைதானத்தில் கூடினார்கள். 1970-களில் மோட்டார் சைக்கிள் மறுபடி நாகரிகமாகி, இளைஞர் கூட்டம் பெருகி, குடியும் கலாட்டாவும் மிஞ்சவே, அவ்விடத்தை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. சிறிது காலம் ஆஸ்திரிய நாட்டு சால்ஸ்பர்க் அருகே நடத்திய பின், 1989-இல் சோல்லாவின் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தை விவரமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மோட்டார் சைக்கிள் அவசியமாயிருந்த காலத்தில் குளிரைச் சகித்துக்கொண்டவர்கள் அதைக் கொண்டாடவில்லை. அவசியம் நீங்கியபின், விடாப்பிடியாக அதைப் பற்றிக்கொண்டு நின்ற சிலரே கொண்டாடத் தொடங்கினார்கள். ஏழையாயிருந்தபோது விதியாக வந்த கஷ்டத்தை, வசதி வந்தபின் வருஷத்துக்கு மூன்று நாள் விருப்பத்தோடு வரவழைத்துக்கொள்வது என்பது பார்வைக்கு அசட்டுத்தனம் போலிருந்தாலும், விரதமிருப்பதற்கும் பாதயாத்திரை போவதற்கும் பழகிய நமக்கு அது முற்றிலும் புரியாத விஷயமன்று.

முதன்முறை போகிறவருக்கு அந்த விரதம் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வெப்பமானி பூஜ்யத்தைக் காட்டும் ஒரு காலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவரின் தோலுக்கு அந்தக் காற்று சுமார் பத்து டிகிரி மைனஸாகவே உறைக்கும். முதலில் மரத்துப் போவது விரல் நுனி, பிறகு முழங்கால், அதன்பின் கழுத்துப் பட்டைக்குள் எங்கோ ஒரு ஊசித் துவாரத்தைக் கண்டுபிடித்துக் காற்று மார்பை நோக்கி இறங்கும். இக்காலத்தில் மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடிகளும் சட்டைகளும் வந்துவிட்டன. ஆயினும் கைப்பிடியின் மேல் பெரிய உறையொன்றைக் கட்டி அதற்குள் கையை நுழைத்துக்கொள்வதும், மார்பின் குறுக்கே பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வதுமாகிய பாட்டன் காலத்து வைத்தியங்களை அனுபவஸ்தர்கள் கைவிடவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியில் தன் மூச்சே படிந்து உறைந்து பார்வையை மறைக்குமாதலால், அதை ஒரு விரற்கடை திறந்துவைக்க வேண்டும். திறந்தால் கண்ணில் நீர் வழியும். இரண்டில் எதைச் சகிப்பது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்கிறார்கள்.

குளிரைவிடப் பெரிய பயம் சாலை. புதுப்பனி வெண்மையாகத் தெரிவதால் ஜாக்கிரதையாயிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் தாரின் மேல் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும் பனிக்கட்டிதான் ஆளைக் கவிழ்ப்பது. மர நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களின் மேலும் அது விசேஷமாக உண்டு. தரையின் சூடு பாலத்துக்குக் கிடைப்பதில்லை. மேலும் கீழும் காற்று பட்டு அது மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடுகிறது. இரு சக்கர வண்டியில் முன்சக்கரம் வழுக்கிவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகையால் பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, இரண்டு கால்களையும் துடுப்புப் போலத் தொங்கவிட்டுக்கொண்டு, நடப்பவர் வேகத்தில் போவதே வழக்கம்.

சைடு கார் பூட்டியவர்களுக்கு விழுகிற பயம் இல்லை; ஆனால் அந்த மூன்று சக்கர ஜந்துவை ஓட்டுவது ஒரு தனி வித்தை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், பாரம் தொங்கும் வலப்பக்கம் பின்தங்கி, வண்டி முழுவதும் அந்தப் பக்கமாக இழுக்கும். பிரேக் பிடித்தால் அதே பாரம் முந்திக்கொண்டு இடப்பக்கம் தள்ளும். வேகமாக வலப்பக்கம் திரும்பினாலோ சைடு கார் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பிவிடும். மோட்டார் சைக்கிளை இருபது வருஷம் ஓட்டியவர் முதன்முதலாக இதில் ஏறினால், நேர்ச் சாலையிலேயே வேலியில் கொண்டுபோய் இடிப்பது சகஜம். இதையெல்லாம் பழகிக்கொண்ட பிறகு, பனியில் இதற்கு நிகரான வாகனம் இல்லை. ரஷ்யாவின் உரால் வண்டிகள் சிலவற்றில் சைடு கார் சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றுமாதலால், கார்கள் திணறும் சரிவிலும் அவை ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் துர்மான்ஸ்பாங்கை நெருங்கும்போது சாலையெங்கும் ஒரே திசையில் போகும் விளக்குகளைக் காணலாம். வாயிலில் கட்டணம் செலுத்தி, அவ்வாண்டுக்குரிய சின்னத்தை வாங்கிக்கொண்டு, பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்க்கிற புதியவர் ஒரு கணம் தயங்குவார் என்பதில் ஐயமில்லை. கீழே போகும் பாதை செங்குத்தானது. முன்னே போன நூற்றுக்கணக்கான சக்கரங்கள் பனியை அழுத்தி அழுத்திக் கண்ணாடியாக்கியிருக்கும். முந்தி வந்தவர்கள் சமதரையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், பிந்தியவருக்குச் சரிவுதான். அங்கே பின்சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, எதிரே இன்னொருவர் கைப்பிடியைத் தாங்க, எஞ்சினை நிறுத்திவிட்டு அடியடியாக வண்டியை இறக்குவார்கள். உதவி கேட்க வேண்டியதில்லை. முன்பின் அறியாத யாரோ இருவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். உத்தியோகத்திலும் வயதிலும் மிகக் கண்டிப்பாக மரியாதை பார்க்கும் ஜெர்மானியர், மோட்டார் சைக்கிள்காரர்களுக்குள் மட்டும் முதல் பேச்சிலேயே 'நீ' என்று ஒருமையில் அழைத்துக்கொள்வது வழக்கம். அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன், "உன் கயிற்றைக் கொஞ்சம் கொடு" என்று கேட்பான். அவரும் சந்தோஷமாகக் கொடுப்பார்.

அடுத்த காரியம் படுக்கை. இங்கேதான் வைக்கோலின் மகிமை விளங்குகிறது. பனியில் படுப்பவனுடைய உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்வதில் காற்றைவிடத் தரைக்குத்தான் பேராசை அதிகம். எவ்வளவு கனத்த கம்பளியாயினும் உடம்பின் பாரத்தில் அமுங்கிவிட்டால் அடிப்பக்கம் பயனற்றுப்போகும். உள்ளே குழலாயிருக்கும் கோதுமைத் தாளோ அவ்வளவு சீக்கிரம் அமுங்குவதில்லை. ஒவ்வொரு தாளுக்குள்ளும் தாளுக்கும் தாளுக்கும் நடுவிலும் அடைபட்ட காற்று, சூட்டைக் கீழே விடாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே கட்டுக்கட்டாக வைக்கோலும் விறகும் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கின்றன. பனியைக் காலால் மிதித்துச் சமன்செய்து, முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கூடாரத்தை விரித்து, படுத்துப் புரண்டு ஒரு பள்ளம் உண்டாக்கிக்கொள்வது முறை. கூடாரத்தோடு கடையில் கொடுக்கும் மெல்லிய கம்பி முளைகள் உறைந்த தரையில் இறங்குவதில்லை, வளைந்துதான் போகும். சாண் நீளத்துக்கு மேற்பட்ட இரும்பு ஆணிகளைச் சுத்தியலால் அறைந்து இறக்குகிறார்கள். அவற்றை ஞாயிற்றுக்கிழமை பிடுங்குவது அறைவதைவிடக் கடினம் என்பதை அப்போது யாரும் யோசிப்பதில்லை.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பள்ளம் முழுவதும் நெருப்புக்கள் எரியும். விறகுப் புகை வெளியேற வழியின்றி மேலேயே தங்கி நிற்கும். சட்டிகளில் சூப்பு கொதிக்கும், இறைச்சி வதங்கும், மசாலா போட்டுச் சூடாக்கிய திராட்சை மது கைக்குக் கை மாறும். மதுவைப் பற்றி ஒரு வார்த்தை: அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து முகத்தில் கதகதப்பை உண்டாக்குகிறதே தவிர, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுவந்து இழக்கச் செய்கிறது; நெருப்பை விட்டு எழுந்து போய் எங்காவது உட்கார்ந்து உறங்கிவிடுகிறவனுக்கு அது சத்துரு. அதைவிட மோசமான சத்துரு, குளிர் தாங்காமல் கூடாரத்துக்குள் எடுத்துச் செல்லும் கரி அடுப்பு. மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து வாசனையற்ற நச்சு வாயு கிளம்பி, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். பழைய யானைக்காரர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். மற்றவை சில்லறை விஷயங்கள்: பூட்ஸைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டும், இல்லாவிடில் காலையில் கட்டையாயிருக்கும், மறுநாள் போடவேண்டிய காலுறையைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். தண்ணீர் மேற்பக்கத்திலிருந்து உறைவதால், காலையில் புட்டியை நிமிர்த்தும்போது வாய்ப்பக்கம் மட்டும் உறையாமலிருக்கும்.

சிலர் பாட்டரியைக் கழற்றித் தம்மோடு படுக்கவைத்துக்கொள்கிறார்கள். இது வேடிக்கைக்காக அல்ல. கடுங்குளிரில் பாட்டரியின் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும், அதே சமயம் எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சினைச் சுழற்ற இரட்டிப்புப் பலம் வேண்டியதாகிவிடும். சனிக்கிழமை காலையில் பள்ளத்தைச் சுற்றி வந்தால் இதன் விளைவுகளைப் பார்க்கலாம். பட்டனை அழுத்தினால் ஒரு முனகல் மட்டும் கேட்டு அடங்கிப்போகும் புதிய வண்டியைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள்; பக்கத்திலேயே ஐம்பது வருஷத்துக் கிழ வண்டியொன்றின் சொந்தக்காரர், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சும்மா ஏழெட்டு முறை மிதித்து, ஒட்டிக்கொண்ட தகடுகளைப் பிரித்துவிட்டு, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரே மிதியில் இறக்குவார். ஒரு தும்மல், மறுபடி ஒரு மிதி, நீலப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் மார்கழிக் காலையில் பழைய புல்லட்டை உதைத்தவர்களுக்கு இந்தச் சடங்கை விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை பகல் முழுவதும் பிறர் வண்டிகளைப் பார்த்துத் திரிவதற்கென்றே ஏற்பட்டது. புதியவர் எதிர்பார்த்து வரும் பளபளப்பு இங்கே அகப்படாது. சாலையில் தூவும் உப்பு, குரோமிய முலாமைத் தின்றுவிடுமாதலால், விலையுயர்ந்த வண்டியைப் பலர் வீட்டில் விட்டுவிட்டு, குளிர்காலத்துக்கென்றே ஒரு கிழத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். பழைய கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட்., உக்ரேனின் டினீப்பர், ரஷ்யாவின் உரால் இவை இங்கே பிரபுக்கள். தகரத்தையும் மரப்பலகையையும் கொண்டு வீட்டிலேயே சமைத்த சைடு கார்கள் உண்டு. இரும்பு அடுப்பையே பூட்டிப் புகைபோக்கி நாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாயில் 1,370 மீட்டர் உயரத்தைக் கடந்து இத்தாலியிலிருந்து கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் சிலர் வெஸ்பா ஸ்கூட்டரில். பெரிய எஞ்சினும் சூடான சட்டையுமாக வந்தவர், பால்காரர் ஓட்டுகிற மாதிரியான ஸ்கூட்டரில் ஆல்ப்ஸைத் தாண்டி வந்த ஒருவருக்கு முன்னால் தம்முடைய பிரயாணக் கஷ்டங்களை விவரிப்பதை நிறுத்திக்கொள்வார். இந்தக் கூட்டத்தில் அந்தஸ்து என்று ஒன்று உண்டானால், அது வண்டியின் விலையைக் கொண்டு அமைவதன்று. எவ்வளவு அற்பமான வண்டியில் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார் என்பதைக் கொண்டே அமைகிறது.

குறை சொல்வதற்கும் இடமிருக்கிறது. இரவில் தூங்கவிடாமல் எஞ்சினை உறுமவைத்துப் பட்டாசு போல வெடிக்கச் செய்கிற முரடர்கள் இங்கும் உண்டு. குடித்துவிட்டுச் சரிவில் உருள்பவர்களும் உண்டு. குளிர் ஏமாற்றிவிட்டு மழை பெய்த வருஷத்தில் பள்ளம் முழுவதும் சேறாகி, வைக்கோலும் சேறும் கலந்த குழம்பில் முழங்கால் வரை புதைந்து நடக்க வேண்டியிருக்கும். அனுபவசாலிகள் பதினைந்து டிகிரிக் குளிரை வேண்டிக்கொள்வது அதனால்தான். உறைந்த தரை சுத்தமான தரை. விறகுப் புகையின் நெடி ஒரு மாதத்துக்குச் சட்டையை விட்டுப் போவதில்லை என்பது வீட்டில் உள்ளவர்களின் புகார்.

சனிக்கிழமை இரவில் தீப்பந்தங்களைக் கையிலேந்தி ஊர்வலம் போகிறார்கள். சாலை விபத்துக்களில் மாண்ட சக ஓட்டிகளுக்காக அது நடக்கிறது. பகலெல்லாம் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது தலைக்கவசத்தையும் குல்லாயையும் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். மோட்டார் சைக்கிள் ஆபத்தான வாகனம் என்பதைக் கூட்டத்தின் நடுவில் நின்று ஒப்புக்கொள்கிற விழா வேறு எங்கும் இருக்கிறதோ என்னவோ. மோட்டார் விளம்பரங்கள் ஒரு நாளும் சொல்லாத விஷயத்தை இவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுகிறார்கள் என்பதால், இந்த விழாவின் மீது எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1998-இல் காலமான லெவர்குஸையும் அந்த நேரத்தில் நினைத்துக்கொள்பவர்கள் பலர் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். கூடாரத் துணி உறைந்து பலகையாயிருப்பதால் மடிக்க வராது. உதறி, மிதித்து, எப்படியோ சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். இறங்குவதற்கு அஞ்சிய சரிவில் இப்போது ஏற வேண்டும். பின்சக்கரத்தில் சங்கிலி சுற்றிய சைடு கார்க்காரர்களுக்கு அன்று காலை ஓய்வு கிடையாது. தனி வண்டிகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டு, மறுபடி கீழே வந்து அடுத்ததைக் கட்டிக்கொள்வார்கள். கூலி என்று எதுவும் இல்லை. கையை உயர்த்தி ஒரு நன்றி சொன்னால் போதும். சாலையில் ஏறியபின் இந்தத் திசையில் நூறு, அந்தத் திசையில் நூறு என்று பிரிந்துபோகிறார்கள். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமானால் பத்து மணிக்கு மேல் தாமதிப்பதற்கில்லை.

வீட்டை அடைந்ததும் வெந்நீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளத் தோன்றும். அதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதே உசிதம், தண்ணீர் வெந்நீராயிருக்கலாகாது. வெந்நீர் பட்டால் உப்பு இன்னும் வேகமாக இரும்பைத் தின்னுமாதலால், பச்சைத் தண்ணீரிலேயே சக்கரக் கம்பிகளையும் சங்கிலியையும் பிரேக்கையும் நன்றாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிவிட்டு, அப்புறம் குளிக்கப் போகலாம்.